“ஆள் தேவை!” – வன்னியின் சிறு முதலாளிகள் சிந்திக்க வேண்டியவை

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை கண்டி வீதி வழியே பயணஞ் செய்வோர், கடை வாசல்களிலே தொங்கும் ஓர் அறிவிப்பைக் காணாமற் போக முடியாது. வெதுப்பகத்தின் கதவிலும், இரும்புக் கடையின் தூணிலும், தையற் கடையின் கண்ணாடியிலும், மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறையின் தகரத்திலும் “வேலைக்கு ஆள் தேவை” என்ற மூன்று சொற்கள் எழுதப்பட்டிருக்கும். சில அட்டைகள் வெயிலிலே வெளுத்து, எழுத்து மங்கிய பின்னரும் கழற்றப்படாமலே இருக்கின்றன.

அதே வீதியின் மறுபுறத்திலே, பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் இளைஞரை விசாரித்தால், “வேலை ஒன்றும் இல்லை” என்று அவர் விடை சொல்வார். கடைக்காரர் ஆளில்லை என்கிறார்; இளைஞர் வேலையில்லை என்கிறார். இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நாம் நினைத்தல் ஆகாது. இருவர் கூற்றும் மெய்யே. இருவருக்கும் இடையிலே அறுந்து கிடப்பது எது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

வேலைக்கு ஆள் அமர்த்தும் முறை உலகெங்கணும் மாறி வருகின்றது. அந்த மாற்றம் கொழும்பு மாநகரத்துப் பெரிய கம்பெனிகளை மாத்திரம் தொடுவதன்று. மாங்குளத்துச் சாப்பாட்டுக் கடையையும், புதுக்குடியிருப்பு அரிசி ஆலையையும், நெடுங்கேணித் தச்சுப் பட்டறையையும் அது தொட்டுவிட்டது. அதனை அறிந்து நடப்பவர் கடை நடக்கும். அறியாதவர் வாசலில் அட்டை மாத்திரம் தொங்கும்.

ஆளுக்குக் குறைவில்லாத காலம்

வன்னி எக்காலத்திலும் ஆட்களை வரவேற்ற பூமி. 1902ஆம் ஆண்டிலே தொடங்கி 1920இலே நிறைவு பெற்ற இரணைமடுக் குளத்தின் கீழே, யாழ்ப்பாணத்து நெருக்கடியைத் தணிக்கும் பொருட்டு 1930களிலே குடியேற்றம் நடைபெற்றது. அக்குடியேற்றத்தைச் சுற்றி வளர்ந்த ஊரே கிளிநொச்சி. பின்னர் 1958இலும் 1977இலும் நிகழ்ந்த இனக் கலவரங்களினால் இடம் பெயர்ந்த மலையகத் தமிழ் மக்கள், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியமர்ந்தார்கள். காடு வெட்டியவர்களும், வாய்க்கால் கட்டியவர்களும், வயலிலே நாற்று நட்டவர்களும் அவர்களுள் அநேகர். காணி இல்லாதவர் கூலிக்கு வந்தனர். ஆகவே கூலிக்கு ஆள் தேடி அலைய வேண்டும் என்ற நினைவே அக்காலத்து முதலாளிகளுக்கு எழவில்லை. விடியற்காலையில் வாசலில் வந்து நிற்பவர்களுள் ஒருவரைத் தெரிந்தெடுப்பதே வேலைக்கு ஆள் அமர்த்துதல் எனப்பட்டது.

கடைகளிலும் இதுவே நிலைமை. உறவினர் ஒருவரின் மகனையோ, அயலூர்ப் பையனையோ அழைத்து வந்து கடையில் வைத்துக் கொள்வார்கள். சாப்பாடு கடையிலே, படுக்கை கடையின் பின்னறையிலே, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணி. முதலாளியை அவன் “மாமா” என்றோ “அண்ணை” என்றோ அழைப்பான். அவர் அவனைத் “தம்பி” என்பார். எழுத்திலே ஒன்றும் இராது. தம்பிக்கு நியமனக் கடிதம் எதற்கு? மாமாவிடம் சேமலாப நிதி கேட்கலாமா? உறவுச் சொல்லே ஒப்பந்தமாக இருந்தது.

அந்த முறையிலே நன்மை இல்லாமல் இல்லை. நோய் வந்தபோது தம்பியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவர் மாமாதான். தங்கையின் கலியாணத்துக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. ஆயின், முதலாளி மறைந்தாலோ, கடை கைமாறினாலோ, இருவருக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டாலோ, இருபது ஆண்டு உழைத்த தம்பி வெறுங்கையுடன் வெளியேறினான். உறவுச் சொல்லுக்கு வங்கியிலே கணக்கு இல்லை.

ஆட்கள் எங்கே போனார்கள்?

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவடைந்தது. முகாம்களிலே இருந்த மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்பட்டது. 2013 செப்டெம்பரிலே புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை வந்தடைந்தது. 2012ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேரும், கிளிநொச்சியில் 1,13,000 பேரும், வவுனியாவில் 1,72,000 பேரும் வாழ்ந்தார்கள். பரந்த நிலப்பரப்பிலே சிறிய சனத்தொகை. இச்சிறு தொகையினரை நோக்கியே பல திசைகளிலிருந்தும் அழைப்புகள் வந்தன.

முதலாவது அழைப்பு, ஆடைத் தொழிற்சாலையின் அழைப்பு. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் தொழிற்சாலைகளும், வவுனியாவில் ஒமேகா லைன் நிறுவனத்தின் தொழிற்சாலையும் போரின் பின்னர் எழுந்தன. கிராமத்துச் சந்திக்கே பஸ் வந்து ஏற்றிச் செல்கிறது. மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. சேமலாப நிதி பிடிக்கப்படுகிறது. அங்கே வேலை கடினமானது, நேரக் கட்டுப்பாடு மிகுந்தது என்பது உண்மையே. எனினும் எழுத்திலே உள்ள ஒரு வாக்குறுதியை அங்கே தொழிலாளர் காண்கின்றனர்.

இரண்டாவது அழைப்பு, அரசாங்க உத்தியோகத்தின் அழைப்பு. இதன் கவர்ச்சி தமிழர் வீடுகளிலே தலைமுறை தலைமுறையாக வருவது. 2020ஆம் ஆண்டிலே நாடெங்கும் பல்லாயிரம் பட்டதாரிகள் பயிலுநராக அரச சேவையிலே சேர்க்கப்பட்டார்கள். அடுத்த முறை நம் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று காத்திருக்கும் பெற்றோர் பலர். காத்திருக்கும் காலத்திலே கடையில் நிற்பது கௌரவக் குறைவு என்று நினைப்பவரும் உண்டு.

மூன்றாவது அழைப்பு, கடலுக்கு அப்பாலிருந்து வருவது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை யாவரும் அறிவர். அவ்வாண்டில் மாத்திரம் இலங்கையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே பதிவு செய்து புறப்பட்டார்கள். அவ்வாறு போனவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் தெரிந்தவர்கள், ஓட்டுநர்கள், வீட்டுப் பணிப்பெண்கள். வன்னியிலே இதற்கு மேல் இன்னொரு வழியும் உண்டு: கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவினர் அனுப்பும் பணமும், அங்கே வந்து சேரும்படி அனுப்பும் அழைப்பும்.

ஆகவே சிறு முதலாளி இன்று போட்டியிடுவது எதிர்க்கடைக்காரருடன் அன்று. தொழிற்சாலையுடனும், அரசாங்கத்துடனும், வளைகுடா நாட்டுடனும் அவர் போட்டியிடுகிறார். இதனை உணர்வதே முதற் படி. “இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய மனமில்லை” என்று குறை கூறுவதனால் கல்லாவிலே ஒரு சதமும் கூடாது.

சட்டம் எதைக் கேட்கிறது?

இலங்கையின் தொழிற் சட்டங்களைப் பெரிய நிறுவனங்களுக்கே உரியவை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். இந்த எண்ணம் தவறானது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பெயரிலேயே கடையைத் தாங்கி நிற்கிறது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்பதே அதன் வரையறை. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. வேலையில் சேரும்போதே சம்பளம், நேரம், விடுமுறை ஆகிய நிபந்தனைகளை எழுத்திலே கொடுக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி அமைக்கப்பட்டது. ஊழியர் தம் உழைப்பில் நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி நூற்றுக்கு 12 பங்கும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் நூற்றுக்கு 3 பங்கு செலுத்த வேண்டும்; இதற்காக ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமேனும் கழிக்கலாகாது. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதிக் கடமை உண்டு. சாப்பாடு கொடுத்து வேலை வாங்கும் கடைகளிலே, அச்சாப்பாட்டின் பெறுமதியும் உழைப்பிலே சேர்த்துக் கணிக்கப்படும் என்பதைப் பலர் அறியார். குறித்த காலத்தில் செலுத்தத் தவறினால், தாமதத்துக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமாயின், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. ஐந்தாண்டு சேவை முடித்து நீங்கும் மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டு ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம் கொடுத்தல் வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளமும் உயர்ந்துள்ளது. 2016ஆம் ஆண்டிலே சட்டம் வந்தபோது மாதம் 10,000 ரூபாவாக இருந்தது, 2021இல் 12,500 ரூபாவாயிற்று. 2025 ஏப்ரிலிலிருந்து 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் அது நிர்ணயிக்கப்பட்டது. நாட்கூலியாயின் 1,200 ரூபாவுக்குக் குறையலாகாது. மேலும், 2021ஆம் ஆண்டின் திருத்தப்படி பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைத்தல் குற்றமாகும். “பள்ளிக்கூடம் போகாமல் சும்மா நிற்கிறான், கடையில் நிற்கட்டும்” என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது, செல்லவும் கூடாது.

ஒரு சிறு கணக்கு

“இவ்வளவும் கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்?” என்று சிறு முதலாளி கேட்பது நியாயமே. அதற்கு விடை கணக்கிலே இருக்கிறது. ஆகையால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். முதலாளி செலுத்தும் 12 பங்கு 3,600 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 900 ரூபா. ஆக, மேலதிகச் செலவு 4,500 ரூபா. நாளொன்றுக்கு 150 ரூபா. மொத்தச் செலவு 34,500 ரூபா. ஊழியர் பங்காகிய 2,400 ரூபா கழிந்து, அவர் கையிலே 27,600 ரூபா சேரும்.

இனி ஊழியரின் பக்கத்தைப் பாருங்கள். அவர் பெயரிலே சேமலாப நிதியில் மாதம் 6,000 ரூபா சேர்கிறது. ஓராண்டில் 72,000. சம்பளம் ஒரு சதமும் கூடாமல், வட்டியையும் சேர்க்காமல் பார்த்தாலே பத்தாண்டில் 7,20,000 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலே மேலும் 1,08,000 ரூபா. பெண்கள் ஐம்பது வயதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். போரிலே வீடும் நகையும் ஆடு மாடும் இழந்த ஒரு குடும்பத்துக்கு, எவராலும் பறிக்க முடியாத ஒரு சேமிப்பு எத்தகைய பாக்கியம் என்பதை வன்னி மக்களுக்கு எடுத்துக் கூறவும் வேண்டுமோ?

இதற்கு எதிராக இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் பழக்கிய தையற்காரி விலகிப் போகிறாள். புதியவள் வரும் வரை ஒரு தையற் பொறி சும்மா நிற்கிறது. வந்தவளுக்கு அளவெடுக்கப் பழக்க மீண்டும் ஒரு மாதம். வெட்டித் தவறிய துணிக்குப் பணம் கட்ட வேண்டும். தீபாவளிக்குக் கொடுத்த தவணை தவறி, வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகிறார். நாளொன்றுக்கு 150 ரூபாவை மிச்சப்படுத்த எண்ணி இழந்தது எவ்வளவு என்பதை அவரவர் கணக்குப் புத்தகமே சொல்லும்.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் ரூபா வியாபாரமே நடக்கும் பெட்டிக்கடைக்கு இச்சம்பளத்தைக் கொடுக்க இயலாது. அத்தகையோர் முழுநேர ஆளை அரைச் சம்பளத்தில் வைக்க முயல்வதை விட, உண்மையில் எத்தனை நாள் ஆள் வேண்டும் என்று கணித்து, அந்நாள்களுக்கு முறையான கூலி கொடுத்து வைப்பதே சிறந்தது. கணக்கு எழுதுபவர் ஒருவரை மூன்று நான்கு கடைக்காரர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நாளாகப் பங்கிட்டு வைத்துக் கொள்ளலாம். கூட்டுறவு என்பது வடபகுதிக்குப் புதிதன்றே!

சான்றிதழ் இல்லாத கைத்திறன்

வேலைக்கு ஆள் எடுப்பதிலே உலகெங்கும் காணப்படும் இன்னொரு போக்கு, பட்டத்தை விடக் கைத்திறனுக்கு மதிப்பளிப்பதாகும். இதிலே வன்னிக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்டவர்கள் இதனை நன்கறிவர். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். உதிரிப் பாகம் இல்லை. பழைய இரும்பிலிருந்து கடைந்தெடுத்தார்கள். மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். இவற்றைச் செய்த கைகளுக்கு எந்தக் கல்லூரியும் சான்றிதழ் வழங்கவில்லை. சான்றிதழ் பெற்றிருந்தவர்களும் இடப்பெயர்வின்போது அவற்றைப் பறிகொடுத்தார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களிலே தொடங்கி, 1980களிலே போரினால் நின்றது. அதனோடு, அங்கே தொழில் பழகியிருக்கக் கூடிய ஒரு தலைமுறையின் வாய்ப்பும் நின்றுபோயிற்று.

இன்று தேசிய தொழிற் தகைமை என்னும் முறை இந்நாட்டிலே ஏழு மட்டங்களாக அமைந்துள்ளது. வகுப்புக்குச் செல்லாமலே, வேலை செய்து பழகிய கைத்திறனைப் பரீட்சித்து அதே சான்றிதழை வழங்கும் ஏற்பாடும் அதிலே உண்டு. தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இதனை விசாரித்தறியலாம். பத்தாண்டு அனுபவமுள்ள தச்சரோ, மேசனோ, வாகனத் திருத்துநரோ இவ்வழியிலே தம் தகுதியை எழுத்தாக்கிக் கொள்ளலாம்.

முதலாளிக்கு இதனால் என்ன பயன்? சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் ஆள் கட்டாருக்குப் போய்விடுவான் என்று அஞ்சுவோர் உண்டு. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆயின், இக்கடையில் நின்றால் தொழிலும் பழகலாம், சான்றிதழும் பெறலாம் என்ற பெயர் ஊரிலே பரவினால், போகிறவர் ஒருவருக்குப் பதிலாக வர விரும்புவோர் இருவர் இருப்பார்கள். வளர விடாமல் பிடித்து வைத்த ஆள் உடலால் கடையிலும் மனத்தால் விமான நிலையத்திலும் இருப்பான்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. வாகனம், மின்சாரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் முதலான துறைகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஜேர்மனி தேசத்திலே தொழில் பழகும் இளைஞன், கிழமையில் சில நாள் பாடசாலையிலும் எஞ்சிய நாள் பட்டறையிலும் பயில்வான். பட்டறை முதலாளியே அவனது அரை ஆசிரியர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள பட்டறைக்காரர் தம் ஊர்ப் பயிற்சி நிலையங்களுக்குச் சென்று, தொழிற் பயிற்சிக்கு ஒரு மாணவனை அனுப்புமாறு கேட்பார்களாயின், நல்ல ஆளை வேலையிலே அமர்த்துமுன் சில மாதம் கண்ணால் பார்த்தறியும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டும். வவுனியாப் பல்கலைக்கழகமும் 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது. வணிகமும் கணினியும் கற்கும் மாணவர், கணக்கேடும் சரக்கிருப்பும் ஒழுங்கு செய்ய உதவக்கூடியவர்கள்.

பெண்கள் ஏன் வரவில்லை?

போரின் பின்னர் வன்னியிலே ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெண்களே தலைமை தாங்கி நடத்துகின்றனர். உழைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு எவரை விடவும் மிகுதி. அங்ஙனமாயின், கடை வாசலில் அட்டை தொங்கும்போது அவர்கள் ஏன் வரவில்லை?

பல இடங்களிலே விடை சம்பளத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. காலை ஏழரை மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்றால், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டிய தாய் வர முடியாது. இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டினால், கடைசி பஸ் போயிருக்கும். பிரதான வீதியிலிருந்து உள்ளே நான்கு மைல், ஐந்து மைல் தள்ளியுள்ள கிராமங்களுக்கு இருட்டிலே தனியே செல்ல எந்தப் பெண் துணிவாள்? யானைக்கு அஞ்சும் வழியும் உண்டு. மனிதருக்கு அஞ்சும் வழியும் உண்டு. தொழிற்சாலை தன் பஸ்ஸினாலே வென்றது என்பதை மறத்தலாகாது.

சிறு கடைக்காரர் பஸ் ஓட்ட முடியாது. ஆனால் நேரத்தை மாற்ற முடியும். காலை எட்டரை முதல் பிற்பகல் இரண்டு வரை ஒருவர், நண்பகல் முதல் மாலை வரை மற்றொருவர் என்று பங்கிடலாம். ஒரே வழியிலே போகும் இருவரைச் சேர்த்து அமர்த்தலாம். அவர்கள் செல்லும் முச்சக்கர வண்டிக் கூலியில் ஒரு பகுதியை ஏற்கலாம். தையல், பொதி செய்தல், மிளகாய்த் தூள் இடித்தல் போன்றவற்றை வீட்டிலிருந்தே செய்யக் கொடுப்பதாயின், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலியை எழுத்திலே கொடுக்க வேண்டும்.

பிரசவ விடுமுறை எண்பத்துநான்கு வேலை நாள்; அதன் செலவு முதலாளியைச் சார்ந்தது. இதனை எண்ணியே இளம் பெண்களை அமர்த்தத் தயங்குவோர் உண்டு. மூன்று பேர் உள்ள கடைக்கு அது பாரமே; மறுப்பதற்கில்லை. எனினும் பத்தாண்டு நிற்கும் ஊழியரின் சேவையிலே மூன்று மாதம் எத்தனை பங்கு என்று பார்த்தால், அந்தத் தயக்கம் குறையும்.

போரிலே கையோ காலோ இழந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைத்தொலைபேசி திருத்துதல், கணக்கெழுதுதல், தையல், பில் போடுதல் முதலியவற்றை இருந்தபடியே செய்யலாம். வாசற்படியிலே ஒரு சாய்தளம், உயரம் குறைந்த ஒரு மேசை – இவையே பெரும்பாலும் தேவை. இரக்கத்தினால் அன்று, வேலை தெரிந்தவர் என்பதனால் அவர்களை அமர்த்த வேண்டும்.

வயலின் நாட்காட்டி

வன்னியில் கடை வைத்திருப்பவர் ஆங்கில நாட்காட்டியை மாத்திரம் பார்த்து வேலை நடத்த இயலாது. காலபோகத்து விதைப்பு ஐப்பசி, கார்த்திகையிலே; அறுவடை தை, மாசியிலே. இரணைமடுவிலே நிற்கும் நீரைப் பொறுத்துச் சிறுபோகத்தின் பரப்பு அமையும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அருவி வெட்டுக்கு ஆள் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் நெல் உலர்த்தவும், மூட்டை கட்டவும், உழவு இயந்திரம் ஓட்டவும் அந்நாள்களிலே ஆண்கள் வயலுக்குப் போகத்தான் செய்வார்கள். அரிசி ஆலைக்கும், உழவு இயந்திரம் திருத்தும் பட்டறைக்கும் வேலை மிகுவதும் அதே வேளையிலேதான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வந்தால் முல்லைத்தீவிலே எவர் கடையில் நிற்பார்?

இவற்றை முன்கூட்டியே அறிந்த முதலாளி, புரட்டாதியிலேயே ஊழியருடன் பேசி, யார் எந்தக் கிழமை விடுமுறையில் போவார் என்று எழுதி வைப்பார். சட்டப்படியான ஆண்டு விடுமுறை பதினான்கு நாளை அறுவடைக் காலத்தில் எடுக்க இடமளிப்பார். அவ்வாறு செய்யாதவர், ஆள் சொல்லாமல் நின்றுவிட்டான் என்று தை மாதந் தோறும் புலம்புவார்.

அட்டையில் எழுத வேண்டியது

முன்பு வேலை இருக்கும் செய்தி கோயில் வீதியிலும் சந்தையிலும் வாய்மொழியாகப் பரவியது. இன்று அது பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பரவுகிறது. பிரதேச செயலகங்களிலே கடமையாற்றும் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர் மூலமாகவும் ஆள் தேடலாம். ஊடகம் எதுவாயினும், “ஆள் தேவை” என்ற இரு சொல் போதாது. சம்பளத்தை எழுத அஞ்சும் விளம்பரத்தைப் பார்க்கும் இளைஞர், குறைவாகத்தான் கொடுப்பார்கள் என்றே முடிவு செய்வார். ஆகவே இவ்வாறு எழுதிப் பாருங்கள்:

“தையற் கடைக்கு ஒருவர் தேவை. காலை 8.30 முதல் மாலை 5.00 வரை. ஞாயிறு விடுமுறை. மாதச் சம்பளம் ரூபா 32,000. சேமலாப நிதி உண்டு. தொழில் பழக்கப்படும். நேரில் வரவும்.”

சில சொற்களுக்குள் அடங்கும் இந்த அறிவிப்பிலே, வருகிறவர் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை இருக்கிறது. வந்தவரிடம் சாதி, ஊர், தகப்பன் பெயர் ஆகியவற்றை விசாரித்துக் காலத்தை வீணாக்காமல், ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்லுங்கள். அந்நாளுக்குக் கூலியும் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு எடுக்காவிட்டாலும் உங்கள் கடையைப் பற்றி அவர் ஊரிலே நல்ல வார்த்தை சொல்வார்.

வேலையில் அமர்த்தியபின், ஒரு தாளிலே நிபந்தனைகளை எழுதி இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கென ஒரு தேதியைக் குறித்து, கடையில் வியாபாரம் நடந்தாலும் நடவாவிட்டாலும், அத்தேதியிலே கொடுங்கள். சிறு கடைகளை விட்டு ஆட்கள் போவதற்குக் குறைந்த சம்பளம் ஒரு காரணம் என்றால், “நாளைக்குத் தாறன் தம்பி” என்ற வாக்கு மற்றொரு காரணம்.

வேலை தேடும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதிலே பங்கேற்க வேண்டும். எழுத்திலே நியமனமும், சேமலாப நிதியும், முறையான சம்பளமும் உள்ள ஒரு கடை வேலை, அரச நியமனத்துக்காக வீட்டிலே கழிக்கும் ஐந்தாண்டை விட மேலானது. பிள்ளையை அனுப்புமுன், “சாப்பாடு நல்லாக் கிடைக்குமோ?” என்று மாத்திரம் கேளாமல், “சேமலாப நிதி இலக்கம் எப்போது கிடைக்கும்?” என்றும் கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அன்று.

உறவுச் சொற்களை விட்டுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. தம்பி தம்பியாகவே இருக்கட்டும். மாமா மாமாவாகவே இருக்கட்டும். வன்னியின் கடைகளிலே உள்ள அந்த ஈரம் எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது; சிறு முதலாளியின் பெரிய மூலதனமும் அதுவே. அந்த ஈரத்தோடு ஒரு தாளில் எழுதிய வாக்குறுதியும் சேருமானால், வாசலில் தொங்கும் அட்டையைக் கழற்றி உள்ளே வைக்கும் நாள் தொலைவில் இல்லை.